சடவு

அன்புள்ள அண்ணாச்சி,

என் தம்பிக்கு வயது 24. இரண்டு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் புண். மருந்தில் அடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான், ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். சோம்பல் ஊறிவிட்டது என்று அப்பா திட்டுகிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அருகம்புல் சாறு கொடுக்கலாமா?

பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

அருகம்புல் சாற்றை விடுங்கள். ஒரு வாரமாக எனக்கு அக்கா நினைப்பாகவே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். 'சோம்பல்' என்று படித்ததும் கோபம்தான் வந்தது. நம் ஊரில் இதற்குச் சடவு என்று ஒரு சொல் இருக்கிறதே, அது எங்கே போயிற்று? நாற்று நட்டுவிட்டு வருகிறவள் 'சடவா இருக்கு' என்று திண்ணையில் சாய்ந்தால் அவளை யாராவது சோம்பேறி என்பார்களா?

என் அக்காவுக்கு கிரோன் நோய், அதுவும் குடல் அழற்சிதான். முதலில் குடல் டிபி என்றார்கள். இரண்டையும் பிரித்தறிவது சிரமம், அதில் நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். அவள் பத்தமடைப் பாயைப் புறவாசல் கதவோரம் விரித்துக்கொள்வாள். கக்கூஸ் முற்றத்துக்கு அந்தப்பக்கம். ராத்திரி நாலு தடவை, அஞ்சு தடவை. அம்மா முழித்துவிடக்கூடாதே என்று தாழ்ப்பாளை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக நீக்குவாள். போகாத நேரத்திலும் தூக்கம் கிடையாது, காது வயிற்றிலேயே இருக்கும். விடிகிற நேரத்தில்தான் கண் அசருவாள். வாசல் தெளித்துவிட்டு வரும் அம்மா, 'பொட்டப்புள்ள விடிஞ்சும் கெடக்கா பாரு' என்பாள். கன்னத்தில் கோரை வரிவரியாகப் பதிந்திருக்க அக்கா எழுந்து உட்காருவாள். பதில் பேசமாட்டாள். நானும் அம்மாவோடு சேர்ந்துகொண்டு சொல்லியிருக்கிறேன், தம்பி.

போதாததற்கு, பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது தூக்கத்தைக் கெடுக்கும், காலையில் போடவேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொல்லவில்லை. பிறகு வேறொரு டாக்டர்தான் வேளையை மாற்றினார். உங்கள் தம்பிக்கும் ஸ்டீராய்டு இருந்தால் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நோய் அடங்கினாலும் ஏறக்குறைய 10 பேரில் 4 பேருக்கு இந்தச் சடவு விடாது. ரத்தம் போய்ப் போய் இரும்புச்சத்து வற்றியிருக்கும். உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 80 இருக்கிறதே என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். குடலில் அழற்சி இருந்தால் அந்த எண் ஏறிக் காட்டும், 100 வரைக்கும்கூட உள்ளே குறைவு இருக்கலாம். ரத்தத்தில் இரும்பு போதுமான அளவு ஓடுகிறதா என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி12, வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் டாக்டருக்குத் தெரியும். மனசு சோர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, நான் ஒன்று கேட்கிறேன். ராத்திரி விழித்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் விழித்திருக்கிறான்? எத்தனை தடவை எழுந்து போகிறான்? இரண்டு வருடத்தில் ஒருநாளாவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது தெரியாமல் எப்படி இருக்கிறீர்கள்? தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடவைக்கிறது என்றால் நோய் அடங்கியதா என்பதே சந்தேகம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

இன்றைக்கு ராத்திரி அவன் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுங்கள். எத்தனை தடவை எழுந்தான் என்று எண்ணி டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பாவின் நம்பரை அனுப்புங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.