அறுப்புக்கு முந்தைய இரண்டு மாதம்: வாசகர் கேள்வி – பதில்

மேலூர்ப் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரை மாவட்ட விவசாயிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

ஐயா, எனக்கு ஒருபோகப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். கால்வாயில் தண்ணீர் பிந்தித்தான் வந்தது, ஐப்பசியில் நட்டேன். சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் நடவு, களையெடுப்பு, உரம் என்று கரைந்துபோனது. கதிர் வர இருபது நாள், அறுப்புக்கு ஐம்பது நாள் இருக்கிறது. நெல் வியாபாரி ஒருவர் இருபதாயிரம் முன்பணம் தருகிறேன், அறுத்த நெல்லை எனக்கே போட்டுவிடு என்கிறார். வாங்கலாமா?
– மேலூர் வட்ட வாசகர்

வாங்காதீங்க தம்பி. ஏன் என்று கணக்குப் போட்டே சொல்கிறேன்.

2025-26 பருவத்துக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, கொள்முதல் நிலையத்தில் சாதா ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். நாற்பது கிலோ சிப்பத்துக்கு சாதா ரகமே 1,000 ரூபாய் வருகிறது. ஏக்கருக்கு 40 சிப்பம் என்று குறைத்து வைத்தாலும் உங்கள் வயலில் 60 சிப்பம் காணும். முன்பணம் கொடுத்தவர் சிப்பத்துக்கு நூறு ரூபாய் குறைத்து எடுத்தால் ஆறாயிரம் ரூபாய் போய்விடும். இருபதாயிரத்துக்கு ஐம்பது நாளில் ஆறாயிரம்! அவர் வாயில் வட்டி என்ற பேச்சே வராது, அதனால்தான் நமக்கு உறைப்பதில்லை. எடை அவருடைய தராசு, கருக்காய் கழிவு அவர் சொல்வது. விலை பேச நின்றால், "முன்பணத்தை எண்ணி வை" என்பார்.

நான் சங்கத்தில் இருந்த காலம் முழுக்க, கார்த்திகை பிறந்தால் வாசலில் இதே முகங்களைத்தான் பார்த்தேன். கையில் காசு இருக்காது, வயல் பச்சையாக நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்திருக்கும். சம்சாரி கடனாளி ஆவது விதைக்கும்போதும் இல்லை, அறுக்கும்போதும் இல்லை. இந்த இரண்டு மாதத்தில்தான். சங்கம் ஒன்றுக்கு உயிர் இருக்கிறதா என்று இந்த இரண்டு மாதத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் உங்கள் கடன் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், பொருள் பகுதி மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். பயிர்க்கடனில் ரொக்கம் ஒரு பகுதி, உரமாகத் தருவது ஒரு பகுதி. ரொக்கத்தை வாங்கியதோடு உரப் பங்கை மறந்துவிட்டு, வெளிக்கடையில் காசு கொடுத்து மூட்டை வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உரத்துக்கு ஆதார் அட்டையோடு கைரேகை வைக்க நீங்களே போக வேண்டும்.

உரம் பற்றி இன்னொன்று. மேலுரத்தின் கடைசித் தவணையைக் கதிர் வெளிவருவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். கதிர் வந்த பிறகு பச்சை பார்க்க ஆசைப்பட்டு யூரியாவை அள்ளி வீசினால் புகையான் பூச்சியும் குலைநோயும்தான் கூடும். தேவைப்படாத மூட்டையை வாங்கிக் கடனை ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

வீட்டுச் செலவுக்கு, பீரோவில் நகை இருந்தால் சங்கத்திலேயே நகைக்கடன் வாங்குங்கள். ஐம்பது நாளில் திருப்பப்போகும் நகைக்கு அங்கே ஆகும் வட்டி, அந்த ஆறாயிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. நகை இல்லை, மாடு இருக்கிறது என்றால் கால்நடைப் பராமரிப்புக் கடன் கேளுங்கள். தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடன் போலவே அதற்கும் வட்டி கிடையாது. கறவை மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் வாங்கிப் போட்டால், பால் சங்கத்துப் பணம் அறுப்பு வரை அடுப்பை எரிய வைக்கும்.

தவணை என்றதும் ஞாபகம் வருகிறது. பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை என்பது தவணைத் தேதிக்குள் கட்டியவருக்கு மட்டும். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள். நெல் விற்ற பணம் வங்கியில் ஏறுவதற்கும் தவணை முடிவதற்கும் நடுவில் சில நாளாவது இடைவெளி இருக்க வேண்டும்.

அய்யா வணக்கம். நாங்கள் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு உழுகிறோம். நிலக்காரர் சென்னையில் இருக்கிறார். சங்கத்தில் சிட்டா கேட்கிறார்கள். சிட்டா அவர் பேரில் இருக்கிறது. எங்களுக்குக் கடனும் கிடையாது, காப்பீடும் கிடையாது என்றால் நாங்கள் யாரிடம் போவது?
– வாடிப்பட்டி வாசகி

தாயி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நம் பக்கத்தில் வயலில் கால் வைப்பவர் ஒருவர், பட்டாவில் பேர் இருப்பவர் இன்னொருவர். சங்கத்துக் கதவு பட்டாவைப் பார்த்துத்தான் திறக்கிறது என்பது பெரிய குறைதான். ஆனால் கதவு முழுசாகச் சாத்தியில்லை.

சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல் அந்த நிலத்தில் இந்தப் போகத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்று சொல்லும். உங்களுக்கு வேண்டியது அடங்கல். கிராம நிர்வாக அலுவலரிடம், சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று காட்டும் அடங்கல் கேளுங்கள். பயிர் நிற்கும்போது அவரை வயலுக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் சாட்சி சொல்லட்டும். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம், அதற்கும் இந்தக் காகிதம்தான் வழி.

கடனுக்கு, உங்களைப் போலக் குத்தகைக்கு உழும் நாலைந்து பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கேட்கலாம். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பு. அதனால் சொந்தக்காரர் என்பதற்காக யாரையும் சேர்க்காதீங்க; கொடுக்கல் வாங்கலில் நாணயமானவர் என்று ஊருக்குத் தெரிந்தவரைச் சேருங்கள்.

நிலக்காரர் கையெழுத்துப் போடப் பயப்படுவார். குத்தகைக்காரர் பேர் காகிதத்தில் ஏறினால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம், குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்த 1969 முதலே நம் ஊர்களில் இருக்கிறது. அவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். கடன் உங்கள் பொறுப்பு, நிலத்தின் மேல் ஈடு எதுவும் ஏறாது என்பதைச் சங்கச் செயலாளர் வாயாலேயே அவருக்குச் சொல்ல வையுங்கள். நாம் பத்துத் தடவை சொல்வதற்கு, செயலாளர் ஒரு தடவை சொன்னால் அசைவார்கள். இந்த மாதிரிப் போன்களை நான் பேசியிருக்கிறேன். செயலாளர் வேலையில் இதுவும் சேர்த்திதான், கூசாமல் கேளுங்கள்.

சங்கத்தில் சேர எவ்வளவு ஆகும்?
– திருமங்கலம் வாசகர்

பங்குத் தொகை சிறியதுதான், சங்கத்தில் கேட்டால் சொல்வார்கள். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், நிலமோ வீடோ சங்க எல்லைக்குள் இருக்க வேண்டும். சேரும்போதே வாரிசு நியமனத்தையும் எழுதிக்கொடுத்துவிடுங்கள். அப்பா பேரில் மட்டும் உறுப்பினர் அட்டை இருக்கும் வீடுகளில், அம்மாவையும் தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

சங்கத்தில் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறேன். போன வாரம் பெய்த மழையில் என் மக்காச்சோளம் மட்டும் படுத்துவிட்டது, பக்கத்துக் காடு நன்றாக நிற்கிறது. பணம் வருமா?
– பேரையூர் பக்கம், மானாவாரி விவசாயி

உங்கள் மனசு நோகும், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தனி வயலின் மகசூலை வைத்து இழப்பீடு போடுவதில்லை. நெல்லுக்கு வருவாய்க் கிராமம், மற்ற பயிர்களுக்குப் பெரும்பாலும் பிர்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய் வட்டாரம்) என்று எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்றுதான் பார்க்கிறார்கள். பிர்கா முழுக்கக் குறைந்தால் எல்லாருக்கும் வரும். உங்கள் காடு மட்டும் படுத்ததென்றால், சராசரியில் அது தெரியாமலே போய்விடும்.

ஆலங்கட்டி மழை போன்று ஓர் இடத்தை மட்டும் தாக்கும் சில சேதங்களுக்கும், அறுத்து வயலிலேயே காயப் போட்டிருக்கும் கதிர் பதினான்கு நாளுக்குள் மழையில் கெட்டால் அதற்கும், தனியாக வந்து பார்க்க வழி இருக்கிறது. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்திருக்க வேண்டும். போன வாரத்து மழைக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. இருந்தாலும் வேளாண்மை உதவி அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்துவையுங்கள். பிர்கா கணக்கு எடுக்கும்போது உங்கள் பக்கத்துச் சேதம் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

சராசரி எங்கே பிறக்கிறது தெரியுமா? பயிர் அறுவடைப் பரிசோதனையில். குலுக்கல் முறையில் சில வயல்களைத் தேர்ந்து, அதில் ஒரு சதுரத்தை அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். நெல்லுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். ஒரு கிராமத்து இழப்பீடு மொத்தமும் அந்தச் சின்னச் சதுரங்களில்தான் தொங்குகிறது. அப்படி இருந்தும் அறுக்கிற அன்றைக்கு வயலில் ஊர்க்காரர் ஒருவரும் இருப்பதில்லை! என்றைக்கு, யார் வயலில் என்று முன்கூட்டியே கேட்டுச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

ரசீது வைத்திருக்கிறீர்களா? ராபி என்னும் குளிர்காலப் பருவ உணவுப் பயிருக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், மிச்சத்தை அரசுகள் கட்டுகின்றன. ரசீதில் சர்வே எண்ணும் பயிர்ப் பெயரும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மக்காச்சோளம் போட்ட காட்டுக்குப் பருத்தி என்று பதிவாகி இருந்தால் பிர்காவே காய்ந்தாலும் உங்களுக்கு ஒன்றும் வராது.

எங்கள் பக்கம் அறுப்பு வண்டிக்குப் பெரிய போட்டி. தை பிறந்ததும் மணிக்கு இவ்வளவு என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். சங்கம் இதில் என்ன செய்ய முடியும்?
– சோழவந்தான் வாசகர்

நிறைய. வேளாண்மைப் பொறியியல் துறை அறுவடை இயந்திரத்தை வாடகைக்குத் தருகிறது, உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். ஆனால் ஊரே ஒரே வாரத்தில் கேட்டால் அவர்களாலும் ஈடுகொடுக்க முடியாது. எங்கள் சங்கத்தில் மார்கழி மாதம் ஒரு நோட்டுப் போட்டோம். எந்த மடையில் யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த ரகம், என்றைக்கு நட்டது என்று உறுப்பினர் ஒவ்வொருவரும் வந்து எழுத வேண்டும். அதைப் பார்த்தால் எந்தக் கண்டம் முதலில் பழுக்கும் என்று தெரிந்துவிடும். அந்த நோட்டோடு போய் வண்டி உரிமையாளரிடம் பேசினோம்: "இத்தனை ஏக்கர் ஒரே வாட்டமாக இருக்கிறது, இடையில் வண்டியை வெறுமனே ஓட்ட வேண்டாம், எல்லாருக்கும் ஒரே வாடகை." ஒத்துக்கொண்டார். தனித்தனியாகப் போனபோது எகிறிய வாடகை, மொத்தமாகப் போனபோது இறங்கியது.

ஈரம் காயாத பள்ள வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த மேட்டு வயலுக்கு டயர் வண்டி என்று நோட்டில் அதையும் குறித்துவிடுங்கள். டயர் வண்டி சேற்றில் புதைந்தால், அதை இழுக்கும் நேரத்துக்கும் நம்மிடம்தான் காசு கேட்பார்கள். கடைமடைக்காரர்களைப் பட்டியலில் கடைசியில் தள்ளாதீங்க. தண்ணீர்தான் அவர்களுக்குக் கடைசியில் வருகிறது, வண்டியாவது பழுத்த முறைப்படி வரட்டும்.

நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு நடவு முடிந்தால் அறுப்பு வரை வேலை இல்லை. சங்கம் நிலம் உள்ளவர்களுக்கு மட்டும்தானா? நான் கல்லூரி மாணவி.
– கொட்டாம்பட்டி வாசகி

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய் அம்மா. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்து, அதே ஆண்டில் நம் மாநிலத்தின் முதல் வேளாண்மைக் கடன் சங்கம் திரூரில் தொடங்கியதே, ஈடு வைக்க ஒன்றும் இல்லாதவரும் சேர்ந்து நின்றால் கடன் பெறலாம் என்ற நம்பிக்கையில்தான். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குச் சங்கம் கடன் தருகிறது. நடவு முடிந்த கையோடு வாங்கி ஆடு பிடித்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அறுப்புக்கு முந்தைய வாரம் வந்து கேட்டால் காகிதம் ஓடுவதற்குள் அறுப்பே முடிந்துவிடும். உன் தெருவில் குழு இருக்கிறதா, கணக்கு நோட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று நீ போய்ப் பார். நோட்டு எழுதத் தெரிந்த பிள்ளை இல்லாததால் கடன் நின்றுபோன குழுக்கள் எனக்குத் தெரியும்.

லாபத்தில் ஓடும் சங்கமாக இருந்தால், அதில் ஒரு பகுதியைப் பொது நல நிதியாக ஒதுக்கலாம். களத்துக்குத் தார்ப்பாய் வாங்குவதா, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதா என்று சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் பேச வேண்டும். கூட்டத்துக்கு வருபவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவதை நிறுத்தினால் இது நடக்கும்.

கொள்முதல் நிலையத்தில் போன வருஷம் ஈரம் என்று என் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். இந்த வருஷம் என்ன முன்னேற்பாடு செய்யலாம்?
– அலங்காநல்லூர் வாசகர்

ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மார்கழிப் பனியில் வண்டி அறுத்த நெல் அதற்கு மேல்தான் இருக்கும். காலையில் பனி விலகி, தாள் காய்ந்த பிறகு வண்டியை இறக்குங்கள். களத்தில் மெல்லிசாகப் பரப்பி, மணிக்கொரு தரம் காலால் கிளறிவிடுங்கள். சாயங்காலம் பனி இறங்கும் முன்னால் குவித்துத் தார்ப்பாய் போடுங்கள்.

அதற்கு முன்னால் இந்த வாரமே அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம் மூன்றையும் எடுத்துவைத்து இணையப் பதிவை முடித்துவிடுங்கள். உங்கள் ஊரில் நிலையம் எந்தத் தேதியில் திறக்கும் என்று தெரியாவிட்டால், சங்க உறுப்பினர்கள் எல்லாரும் கையெழுத்திட்டு, எத்தனை ஏக்கர் எந்த வாரத்தில் அறுப்புக்கு வருகிறது என்ற விவரத்தோடு மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுங்கள். மேலே சோழவந்தான் வாசகருக்குச் சொன்னேனே, அந்த நோட்டின் நகலையே மனுவோடு இணைத்துவிடலாம்.