ஐந்தாவது பவுலோடு மகள் ஏன் வெளியே வந்தாள்?

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார்:

"மகள் தரம் 10. பாடசாலைக் கூடைப்பந்து அணியில் விளையாடுகிறாள். விடிய ஆறு மணிக்கே போனில் என்.பி.ஏ. பார்த்துக்கொண்டுதான் பாடசாலைக்கு வெளிக்கிடுவாள். போன கிழமைப் போட்டியில் மூன்றாவது கால்பகுதி முடிய முன்னமே ஐந்து பவுல் என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். 'என்.பி.ஏ.யில ஆறுதானே அம்மா, எனக்கு அநியாயம் செய்துபோட்டினம்' என்று அழுகிறாள். நடுவில் இரண்டு மூன்று தடவை 'ட்ராவல்' என்றும் விசில் ஊதினார்கள். எனக்கு இந்த விளையாட்டே பிடிபடவில்லை. அடுத்த போட்டிக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்? வீட்டில் பழக ஒரு பந்தும் கேட்கிறாள், எதை வாங்குவது?"

அக்கா, மகளுக்கு அநியாயம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஒரு விதிப் புத்தகத்தைப் பார்த்துப் பழகுகிறாள், மத்தியஸ்தர் வேறொரு புத்தகத்தைப் பார்த்து விசில் ஊதுகிறார். என்.பி.ஏ. அமெரிக்காவின் தொழில்முறைச் சங்கம். தன் போட்டிகளுக்குத் தானே விதி எழுதிக்கொள்ளும். ஒலிம்பிக், உலகக் கிண்ணம், ஆசியப் போட்டிகள் தொடக்கம் எங்கள் பாடசாலைப் போட்டிகள் வரை சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதியைத் தழுவியே நடக்கின்றன.

பவுல் என்றால் எதிராளியின் உடம்பில் விதிக்கு மாறாகப் படுவது. அந்த ஆறும் ஐந்தும் பார்க்கிற அளவுக்கு வேறுபட்டவை அல்ல. என்.பி.ஏ. போட்டி பன்னிரண்டு நிமிடப்படி நான்கு கால்பகுதி, மொத்தம் 48 நிமிடம். சம்மேளன விதியில் பத்து நிமிடப்படி நான்கு, மொத்தம் 40 நிமிடம். 48 நிமிடத்துக்கு ஆறு பவுல், 40 நிமிடத்துக்கு ஐந்து. இரண்டிலும் எட்டு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்குத்தான் வருகிறது. இதை மகளிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், பாதிக் கோபம் அங்கேயே ஆறிவிடும். சமநிலையில் முடிந்தால் இரு இடத்திலும் மேலதிகமாக ஐந்து ஐந்து நிமிடம் ஆடுவார்கள். பவுல் கணக்கு அப்போதும் புதிதாகத் தொடங்காது.

ஐந்து பவுலோடு வெளியேறுவது உதைபந்தாட்டத்தில் சிவப்பு அட்டை வாங்குவது மாதிரி இல்லை. அந்தப் போட்டியில் மீண்டும் இறங்க முடியாது, அவ்வளவுதான். அணியின் வாங்கிலேயே இருக்கலாம், கூவி உற்சாகப்படுத்தலாம், அடுத்த போட்டிக்கு எந்தத் தடையும் இல்லை. அவளுடைய இடத்துக்கு இன்னொருத்தி இறங்குவாள், அணி ஐந்து பேரோடுதான் தொடரும்.

ஆனால் மூன்றாவது கால்பகுதிக்குள் ஐந்தும் முடிந்துவிட்டது என்பதை யோசிக்கத்தான் வேண்டும். நான் விசில் ஊதிய பாடசாலைப் போட்டிகளில் பிள்ளைகள் வாங்கும் பவுலில் பெரும்பங்கு கையால் வருவது. எதிராளி பந்தை டிரிபிள் செய்து, அதாவது தரையில் தட்டித் தட்டிக் கொண்டு வருவாள், இவள் காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டி அடிப்பாள். பந்தில் பட்டால் கைதட்டல், மணிக்கட்டில் பட்டால் விசில். களைத்துப்போன பிள்ளை எப்போதும் கையைத்தான் நீட்டும். ஆகவே கடைசி மூன்று பவுலும் எந்த நேரத்தில் விழுந்தன என்று பயிற்றுநரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்தடுத்து விழுந்திருந்தால் பிரச்சினை விதி தெரியாததில் இல்லை, மூச்சு வாங்குவதில்.

மற்றது உடம்பால் வரும் பவுல். ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் அவள் நிற்கிற இடமும் அதற்கு நேர் மேலே உள்ள வெளியும் சொந்தம். தடுக்கிறவள் எதிராளியைப் பார்த்தபடி இரண்டு காலையும் தரையில் ஊன்றி இடம்பிடித்துவிட்டாள் என்றால், அவள் நெஞ்சில் வந்து மோதுகிறவள்தான் குற்றவாளி. இடம்பிடிக்க முன்னம் பக்கவாட்டில் பாய்ந்து குறுக்கே விழுந்தால் தடுத்தவள்மேல் பவுல். கையை உயர்த்தி நேராக மேலே துள்ளலாம், முன்னால் சாய்ந்து துள்ளக் கூடாது. பார்வையாளர் பக்கமிருந்து கத்துகிற பெற்றோரில் அநேகமானோர் யார் கீழே விழுந்தார் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். மத்தியஸ்தர் பார்ப்பது அந்த இடத்தை யார் முதலில் பிடித்தார் என்று. கூடைக்கு நேர் கீழே 1.25 மீற்றர் ஆரையில் ஓர் அரைவட்டம் கீறியிருக்கும். அதற்குள் நின்றுகொண்டு, துள்ளி வருகிறவள் என்மேல் மோதிவிட்டாள் என்று முறையிட முடியாது.

பவுலுக்கு என்ன தண்டனை? கூடைக்கு எறியும்போது பவுல் செய்தால், பந்து விழுந்த பட்சத்தில் அந்தப் புள்ளியும் உண்டு, மேலதிகமாக, யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிகிற ஒரு சுயாதீன எறிதலும் உண்டு. விழாவிட்டால் எறிந்த இடத்தைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று எறிதல். எறியாத நேரத்தில் செய்த பவுல் என்றால் சும்மா கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுவார்கள். ஆனால் ஒரு கால்பகுதிக்குள் அணி முழுவதுமாக நான்கு பவுல் சேர்ந்துவிட்டால், ஐந்தாவதிலிருந்து தடுக்கும் அணி செய்யும் சின்னப் பவுலுக்கும் இரண்டு எறிதல் கொடுக்க வேண்டும். கால்பகுதியின் கடைசி நிமிடங்களில் சுயாதீன எறிதல் கூடுவது இதனால்தான்.

வேகமாகக் கூடையை நோக்கி ஓடுகிறவளைப் பின்னால் இருந்து சட்டையில் பிடித்து இழுத்தால் அது வேறு கணக்கு. இரண்டு எறிதலோடு பந்தும் எதிரணிக்கே. அதே ஆள் அதை இரண்டாம் தடவையும் செய்தால் வாங்கில்கூட இருக்க விடமாட்டார்கள், உடைமாற்றும் அறைக்குத்தான் போக வேண்டும்.

இனி 'ட்ராவல்', அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு விதிக்கு மேல் அடி வைப்பது. இது பிள்ளைகளுக்கு மிகவும் கோபம் வரவைக்கும் விசில். மகள் போனில் பார்க்கும் வீரர் மூன்று அடி வைத்துக் கூடையில் போடுகிற மாதிரித் தெரியும், விசில் வராது. இவள் அதையே செய்தால் வரும். உண்மையில் இந்த விடயத்தில் இரு புத்தகங்களும் இன்று கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது பந்தை இரு கையாலும் அடக்குகிற கணத்தில் தரையில் இருக்கிற கால் கணக்கில் சேராது. அதன் பிறகு இரண்டு அடி வைக்கலாம். சம்மேளனம் 2017 ஒக்டோபரிலிருந்து இப்படித்தான் எண்ணுகிறது. என்.பி.ஏ. வீரர் பந்தை மிகத் தாமதமாக அடக்குவார், அதனால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். எங்கள் பிள்ளைகள் பதற்றத்தில் பந்தை முதலே நெஞ்சோடு அணைத்துவிட்டு அதன் பிறகு மூன்று அடி வைப்பார்கள்.

அதைவிட அதிகமாகப் பிடிபடுவது டிரிபிளைத் தொடங்குகிற இடத்தில். நின்ற நிலையில் பந்தைப் பிடித்தால் ஒரு கால் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும், மற்றக் காலை எந்தப் பக்கமும் திருப்பலாம். அந்த நிலைக்கால் தரையை விட்டு எழும்ப முன்னம் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும், டிரிபிள் தொடங்குவதற்கு அதுதான் நிபந்தனை. முதலில் கால் எழும்பி, பிறகு பந்து தரையில் பட்டால் விசில். எறிவதற்கோ பாஸ் கொடுப்பதற்கோ நிலைக்காலைத் தூக்கலாம், ஆனால் பந்து கையில் இருக்கும்போது அந்தக் கால் திரும்பத் தரைக்கு வரக் கூடாது. சம்மேளன விதியில் பந்தோடு விழுந்து சறுக்கினால் குற்றமில்லை. பந்தை வைத்துக்கொண்டே உருண்டாலோ எழும்பினாலோ குற்றம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மணல் படிந்த சீமெந்துத் திடலில் ஆடுகிற எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. விளையாட முன்னம் சப்பாத்தின் அடியை ஈரத்துணியால் துடைப்பது அதைவிட நல்லது.

ஒரு தடவை டிரிபிள் செய்து பந்தைப் பிடித்தால் மறுபடி டிரிபிள் இல்லை. பாதிக் கோட்டைத் தாண்டிய பந்தைத் திரும்பப் பின்னுக்குக் கொண்டுபோகக் கூடாது. இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான், பந்து எதிரணிக்கு.

நீங்கள் திடலோரம் இருக்கும்போது எல்லாரும் "நேரம்! நேரம்!" என்று கத்துவார்கள். அந்த நேரத்துக்கு ஒரு கதை இருக்கிறது. முன்பெல்லாம் முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கடத்தலாம். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் அணியை 19க்கு 18 என்று வென்றது. என்.பி.ஏ. வரலாற்றில் அவ்வளவு குறைந்த புள்ளியில் முடிந்த போட்டி வேறில்லை. காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிரக்கியூஸ் அணியின் உரிமையாளர் டானி பையசோன் ஒரு கணக்குப் போட்டார். விறுவிறுப்பான போட்டியில் இரு அணியும் ஏறத்தாழ 120 தடவை கூடைக்கு எறிகின்றன. 48 நிமிடம் என்றால் 2880 விநாடி. 120ஆல் பிரித்தால் 24. 1954இல் அந்த விதி என்.பி.ஏ.க்கு வந்தது. சம்மேளனம் 1956இல் 30 விநாடி என்று தொடங்கி 2000இல் 24க்கு இறங்கியது.

ஆக, பந்து கிடைத்த அணி 24 விநாடிக்குள் எறிய வேண்டும், எறிந்த பந்து வளையத்திலாவது பட வேண்டும். பலகையில் மட்டும் பட்டால் கணக்கில்லை. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எறிந்த அணியே மறுபடி பிடித்தால் 14 விநாடி. பந்தைப் பாதிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக 8 விநாடி, வெளியிலிருந்து உள்ளே போட 5 விநாடி. கடிகாரம் பொருத்தாத திடல் என்றால் புள்ளி பதிகிற மேசையில் ஒருவர் நிறுத்தற் கடிகாரத்தோடு இருப்பார். அவரைத் திட்ட வேண்டாம், அது லேசான வேலை இல்லை.

கூடைக்கு முன்னால் நிறம் பூசிய நீள்சதுரத்துக்குள் தாக்கும் அணிக்காரர் தொடர்ந்து 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. என்.பி.ஏ.யில் தடுப்பவருக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு 2001-02 பருவத்திலிருந்து உண்டு. எங்கள் விதியில் தடுப்பவருக்கு அது இல்லை. உயரமான பிள்ளை ஒருத்தி கூடைக்குக் கீழேயே நின்று காவல் காத்தால் எதிரணிப் பெற்றோர் முறைப்பார்களே தவிர மத்தியஸ்தர் ஒன்றும் சொல்லமாட்டார்.

மகள் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதில் மறக்க வேண்டியவை இன்னும் சில. என்.பி.ஏ. வீரர் ஆட்டத்தின் நடுவிலேயே கையால் 'ரி' காட்டி இடைவேளை கேட்பார். இங்கே பயிற்றுநர்தான் மேசையிடம் கேட்க வேண்டும், அதுவும் முதற்பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று மட்டுமே. இருவர் பந்தை இறுகப் பிடித்து இழுத்தால் அங்கே மத்தியஸ்தர் பந்தை மேலே எறிந்து துள்ள வைப்பார். இங்கே மேசையில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது காட்டும் அணிக்குப் பந்து, பிறகு அம்பு மறுபக்கம் திரும்பும். மூன்று புள்ளிக் கோடு, அதாவது அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி கிடைக்கிற கோடு, அங்கே நடுப்பகுதியில் 7.24 மீற்றர், எங்களுக்கு 6.75. இது மகளுக்கு இலாபம். ஆனால் கோட்டில் கால் பட்டிருந்தால் இரண்டு புள்ளிதான்.

பயிற்சி எடுக்கிற திடலின் கோடுகளையும் ஒருக்கால் பாருங்கள். கூடைக்கு முன்னாலுள்ள பகுதி கீழே அகன்று மேலே ஒடுங்கிய வடிவில் கீறியிருந்தால் அது 2010க்கு முந்திய கோடு. மூன்று புள்ளிக் கோடும் அப்போது 6.25 மீற்றராகத்தான் இருக்கும். அரை மீற்றர் குறைவில் பழகிவிட்டுப் போட்டிக்குப் போனால் எறிகிற பந்து வளையத்துக்கே எட்டாது. ஓர் அளவு நாடாவும் வெண்கட்டியும் போதும், பயிற்றுநரிடம் சொல்லுங்கள்.

அடுத்த போட்டியில் பந்தைப் பார்க்காதீர்கள், அக்கா. முதல் கால்பகுதி முழுக்க மகளின் காலை மட்டும் பாருங்கள். எதிராளி திரும்பும்போது இவள் கால் நகருகிறதா, அல்லது கைதான் முந்துகிறதா? அந்தக் கால்பகுதியிலேயே இரண்டு பவுல் விழுந்தால் பயிற்றுநர் அவளைச் சற்று வெளியே எடுப்பார். அது தண்டனை இல்லை, கடைசிக் கால்பகுதிக்கு அவளைச் சேமித்து வைக்கிறார். என்.பி.ஏ. பார்க்க வேண்டாம் என்று தடுக்கவும் வேண்டாம். இரண்டு நிமிடமாக வெட்டி ஒட்டிய வீடியோக்களை விட்டுவிட்டு ஒரு முழுப் போட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டிய துண்டுகளில் கூடை விழுகிறது மட்டும்தான் இருக்கும், விசில் இருக்காது.

பந்து விடயத்தில் கடைக்காரர் 7ஆம் இலக்கத்தை எடுத்துத் தருவார், அதுதான் அதிகம் விற்பது. அது ஆண்களுக்குரியது, சுற்றளவு 75இலிருந்து 77 சென்ரிமீற்றர். பெண்களுக்கு 6ஆம் இலக்கம், 71.5இலிருந்து 73 வரை. போட்டியிலும் அவளுக்கு அதுதான் கிடைக்கும், ஆகவே வீட்டிலும் அதையே பழகட்டும். முற்றத்துச் சீமெந்தில் தோல் பந்து சீக்கிரம் உரிந்துவிடும், இறப்பர் மேலுறை உள்ளதை வாங்குங்கள். மத்திய வீதிப் பக்கம் வாங்கப் போனால் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இலக்கம் பந்தின் மேலேயே அச்சிட்டிருக்கும், பெட்டியை நம்பாமல் அதைப் பார்த்து எடுங்கள். காற்றடிக்கும் ஊசியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.