மயிலாப்பூர் மேற்றிராசனத்தில் ஒரு நாகப்பட்டினத்துக் குழந்தை

அன்புள்ள ஐயா,

பாட்டி காலமானபின் அவருடைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஞானஸ்நானச் சீட்டு ஒன்று கிடைத்தது. 1938ஆம் வருடத்தது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கோயில். ஆனால் தலைப்பில் ‘மயிலாப்பூர் மேற்றிராசனம்’ என்று, மறைமாவட்டத்துக்கான பழைய பெயரில் இருக்கிறது. நாங்கள் தஞ்சாவூர் மறைமாவட்டம். மயிலாப்பூர் எங்கே, நாங்கள் எங்கே? ‘அப்போது நம்மைப் போர்ச்சுக்கீசியர் ஆண்டார்கள்’ என்கிறார் சித்தப்பா. 1938இல் வெள்ளைக்காரன் ஆட்சிதானே? கொஞ்சம் விளக்குங்கள்.

ஒரு வாசகர், நாகப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

போர்ச்சுக்கீசியர் நாகப்பட்டினத்தை 1658இலேயே டச்சுக்காரர்களிடம் பறிகொடுத்துவிட்டார்கள். உங்கள் பாட்டியின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது அவர்கள் போய் 280 வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்தக் கோயில் சாமியாருக்கு மேலே இருந்த மேற்றிராணியார் (இப்போது ஆயர் என்கிறோமே, அவர்தான்) மானுவல் தெ மெதெய்ரோஸ் கெரெய்ரோ என்ற போர்ச்சுக்கீசியர். ஆகவே சித்தப்பாவுக்கு அரை மார்க் போடலாம்.

1606இல் போப் ஐந்தாம் பவுல் கொச்சி மேற்றிராசனத்திலிருந்து பிரித்து மயிலாப்பூரை உண்டாக்கினார். தலைமைக் கோயில் சாந்தோம். எல்லையோ சோழமண்டலக் கரை முழுக்க, அதற்கும் மேலே வங்காளம், பர்மாவின் பெகு வரை! நாகப்பட்டினம் அதில் வந்தது அப்படித்தான். இதற்கெல்லாம் அடியில் இருந்தது ‘பதுரவாதோ’ என்ற ஏற்பாடு. கீழை நாடுகளில் கோயில் கட்டுவது, சாமியார்களைக் கப்பலேற்றி அனுப்புவது, படியளப்பது எல்லாம் போர்ச்சுக்கல் அரசர் பொறுப்பு. பதிலுக்கு மேற்றிராணியார் யார் என்று பெயர் சொல்லும் உரிமை அவருக்கு.

எழுதிக் கொடுத்தபோது அரசரிடம் கப்பலும் காசும் இருந்தன. 1662இல் சாந்தோமே கோல்கொண்டா சுல்தான் கைக்குப் போய்விட்டது. அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள், டச்சுக்காரர்கள், கடைசியில் 1749இல் ஆங்கிலேயர். உரிமையை மட்டும் லிஸ்பன் விடவில்லை. ஸ்பெயினிடமிருந்து 1640இல் பிரிந்த போர்ச்சுக்கலின் புது அரசரை ரோம் 28 வருடம் அங்கீகரிக்காமல் இழுத்தடித்தது. அரசர் சொன்ன பெயர்களையும் ஏற்கவில்லை. மயிலாப்பூர் நாற்காலி பல பத்தாண்டுகள் காலியாகவே கிடந்தது.

ஆள் அனுப்பவும் முடியாது, பிறர் வரவும் விடமாட்டோம் என்றால் என்ன ஆகும்? எஃப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி பெகுவுக்குப் போகும் வழியில் 1642இல் சென்னையில் இறங்கினார். கோட்டையில் இருந்த கத்தோலிக்கர்களுக்காக ஆங்கிலேயர் அவரை அங்கேயே தங்க வைத்துக்கொண்டார்கள். வேதம் பரப்பும் வேலையைக் கவனித்த ரோமின் பிரப்பகந்தா சபையால் அனுப்பப்பட்டவர். பதுரவாதோ ஆள் இல்லை. 1649இல் சாந்தோமுக்கு வந்தவரைப் போர்ச்சுக்கீசியர் பிடித்துக் கோவாவுக்குக் கப்பலேற்றி, மத விரோதிகளை விசாரிக்கும் ‘விசாரணைச் சபை’யின் சிறையில் அடைத்தார்கள். அவர் விடுதலையாகி மறுபடி சென்னைக்கே வந்து ஊழியத்தைத் தொடர்ந்தார். மனிதரின் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது 1838இல். போப் பதினாறாம் கிரகோரி பதுரவாதோவில் இருந்த கொச்சி, கிராங்கனூர் (கொடுங்கல்லூர்), மயிலாப்பூர் மூன்றின் அதிகாரத்தையும் ரத்து செய்தார். பதுரவாதோ பக்கம் நின்ற கோவா சாமியார்கள் ‘அரசர் சம்மதிக்காத உத்தரவு செல்லாது’ என்று கோயில் சாவியைக் கொடுக்க மறுத்தார்கள். ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு சாமியார். இவர்களில் எந்தச் சாமியார் கட்டிவைத்த கல்யாணம் செல்லும் என்று சனங்கள் கவலைப்பட வேண்டியிருந்தது. பெரியவர்கள் இதை வேதசாஸ்திரப் பிரச்சினையாகப் பேசினார்கள். என் கணக்கில் இது சாவிக்கொத்துச் சண்டைதான்.

ரோமும் போர்ச்சுக்கலும் செய்துகொண்ட 1886 உடன்படிக்கையில் மயிலாப்பூருக்கு மறுபடி உயிர் வந்தது. ஆனால் எல்லை பழையபடி இல்லை. அங்கொரு துண்டு, இங்கொரு துண்டு. சாந்தோம், உங்கள் தஞ்சை வட்டாரம், வேளாங்கண்ணி, கல்கத்தாவிலும் டாக்காவிலும் சில கோயில்கள். ஏற்கெனவே சென்னைக்கென்று தனி மேற்றிராசனம் இருந்ததால் ஒரே நகரத்தில் இரண்டு மேற்றிராணியார்கள்! இன்று சாந்தோமில் பார்க்கிற ஊசிக் கோபுரக் கோயில் இந்தக் காலத்தது. ரீட் த சில்வா என்ற மேற்றிராணியார் பழைய கோயிலை இடித்துவிட்டு எழுப்பினார். 1896இல் அபிஷேகம் ஆனது.

போர்ச்சுக்கலில் 1910இல் புரட்சி வந்து அரசரே போய்விட்டார். வந்த குடியரசு சாமியார்களை விரட்டிய குடியரசு. மயிலாப்பூர் உரிமையை மட்டும் அதுவும் விடவில்லை. 1928 ஒப்பந்தப்படி அரசர் இடத்தில் குடியரசுத் தலைவர். பாட்டிக்குத் தண்ணீர் ஊற்றிய வருடம் நிலைமை இதுதான்: ஊர் ஆங்கிலேயருடையது, மேற்றிராணியார் பெயர் லிஸ்பன் வழியாக வரவேண்டும். நமக்குச் சுதந்திரம் வந்தும் மூன்று வருடம் இது நீடித்தது. 1950 ஜூலையில்தான் போர்ச்சுக்கல் விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பரில் சென்னையும் மயிலாப்பூரும் ஒரே உயர் மறைமாவட்டமாகச் சேர்ந்தன. உங்கள் தஞ்சாவூரும் அப்போதுதான் தனியாகப் பிரிந்தது.

சீட்டில் ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரின் கையெழுத்து இருக்குமே, பெயரைப் படிக்க முடிகிறதா? மயிலாப்பூர்க் கோயில்களில் கோவாக்காரச் சாமியார்கள் நிறையப் பேர் இருந்தார்கள். முடிந்தால் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்