பாசிக்குடாவில் கூடாரம் அடிக்கலாமா?

கேள்வி: சிறுபிள்ளைகளோடு மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகிறோம். எந்த மாதம் நல்லது? கூடாரம், படகு சரிவருமா?

பதில்: மே முதல் செப்டெம்பர் வரை போங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று, மழை, கலங்கல்.

இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். அதுதான் ஆபத்தும்: இந்த மாதங்களில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கே அடிக்கும். காற்றடைத்த வளையம், மெத்தை எல்லாம் சத்தமின்றி வெளியே போய்விடும். கயிறு கட்டி, முனையைப் பெரியவர் பிடித்திருக்க வேண்டும். பவளத் துண்டு காலைக் கிழிக்கும். ரப்பர் செருப்பு போதாது, சப்பாத்து போடுங்கள்.

கண்ணாடி அடித்தளப் படகில் காலையில் ஏறுங்கள், உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கியபின்.

கூடாரத்துக்கு முதலில் காணிக்காரரிடம் அனுமதி. மணலில் முளை நிற்காது. மணல் நிரப்பிய பையில் கயிற்றைக் கட்டி ஓரடி ஆழத்தில் புதையுங்கள்.