இன்னா நாற்பது கபிலர்: எண்ணத் தொடங்கும் முன்

கேள்வி: சங்கப் புலவர் கபிலரும் ‘இன்னா நாற்பது’ பாடிய கபிலரும் ஒருவரா? இரண்டு பாடல் தொகுதிகளும் என் கணினியில் உள்ளன. எக்செல் ஓரளவு தெரியும். சொற்களை எண்ணியே முடிவு சொல்லலாமா?

பதில்: எண்ணலாம். முடிவு சொல்வதுதான் கஷ்டம். (இருவரும் வேறு என்றே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள், அதற்கு எக்செல் தேவைப்படவில்லை.)

மலை, யானை என்று எண்ணாதீர்கள். அவை திணையைக் காட்டும், ஆளைக் காட்டாது. மற்று, கொல், மன், உம் என்று கவிஞர் அறியாமலே வந்து விழும் இடைச்சொற்களைப் பிடியுங்கள். ஒரு நூலை எழுதியவர் யார் என்று கண்டறிய ஆய்வாளர் ஜான் பர்ரோஸ் 2002-இல் முன்வைத்த ‘டெல்டா’ முறை, அடிக்கடி வரும் சொற்களின் விகிதத்தைத்தான் ஒப்பிடுகிறது. சராசரியும் திட்டவிலக்கமும் போடத் தெரிந்தால் போதும்.

முதல் தொல்லை புணர்ச்சி. உம், ஏ எல்லாம் முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நூலைச் சந்தி பிரித்த பதிப்பிலும் இன்னொன்றைப் பிரிக்காத பதிப்பிலும் எண்ணினால், பதிப்பாசிரியர்களின் பழக்கத்தைத்தான் அளப்பீர்கள். இரண்டையும் ஒரே விதிப்படி நீங்களே பிரியுங்கள். பாதி நேரம் இதிலேயே போகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் யாப்பு. சங்கக் கபிலர் பாடியவை பெரும்பாலும் அகவல் (ஆசிரியப்பா). இன்னா நாற்பது வெண்பா. அகவல் வழக்கமாக ஏகாரத்தில் முடியும். வெண்பாவோ நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிந்தாக வேண்டும். கணினி ‘இருவர்’ என்று சொன்னாலும், அது பிரித்தது ஆளையா, யாப்பையா? பாரதியின் விநாயகர் நான்மணிமாலையை வைத்துச் சோதியுங்கள். வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என மாறி மாறி 40 பாடல்கள், பாடியவர் ஒருவரே. யாப்புவாரியாகப் பிரித்துப் போடும்போது நாலு பாரதிகள் வந்தால், கோளாறு உங்கள் முறையில்.

அப்புறம், அளவு. கடவுள் வாழ்த்து நீங்கலாக 40 வெண்பா, ஒன்றுக்கு 15 சீர்: ஆக 600 சீர்தான். அதிலும் ‘இன்னா’ பாட்டுக்குப் பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. அதை எடுத்துவிட்டு எண்ணுங்கள். மிச்சத்தில் ஓர் இடைச்சொல் இரண்டு தடவை கூடினாலே விகிதம் ஆடிப்போகும்.

நானாக இருந்தால் பூதஞ்சேந்தனாரின் இனியவை நாற்பதிலிருந்து தொடங்குவேன். அதே வெண்பா, ஏறத்தாழ அதே அளவு, ஆனால் ஆசிரியர் வேறு. இந்த இரண்டையும் உங்கள் கணக்கு பிரித்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் கபிலரிடம் போகலாம்.