வீட்ல பழைய வெளிநாட்டு நோட்டு இருக்கா? விக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க வியாசர்பாடி. தாத்தா பாட்டி 1964ல ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்தவங்க. பாட்டி போனப்புறம் அவங்க தகரப் பெட்டிய தொறந்தா ஒரு கவர் நிறைய பழைய நோட்டு இருந்துச்சு. கொஞ்சத்துல இங்கிலீஷ்ல ஜப்பானிய அரசாங்கம்னு போட்டிருக்கு, கொஞ்சத்துல வட்ட வட்டமா பர்மிய எழுத்தும் ஒருத்தர் படமும் இருக்கு, ரெண்டே ரெண்டு மட்டும் ஜார்ஜ் ராஜா படம் போட்ட பத்து ரூபா. பாரிஸ் கார்னர்ல ஒரு கடைல காட்டுனா மொத்தமா 2000 ரூபா தரேங்குறார். குடுத்துடலாமா?

பதில்: இப்போதைக்கு குடுக்காதீங்கம்மா. உங்க கவர்ல மூணு விதமான நோட்டு இருக்கு, மூணுக்கும் மதிப்பு வேற வேற, மொத்தமா ஒரே விலை பேசுனா நல்ல நோட்டு சாதா நோட்டோட சேர்ந்து போயிடும், கடைக்காரருக்கு அது நல்லாவே தெரியும்.

முதல்ல ஜப்பான் நோட்டு. 1942ல ஜப்பான்காரங்க பர்மாவ புடிச்சதும் அங்க ஓட விட்ட காசு இது. சீரியல் நம்பருக்கு பதிலா பெருசா எழுத்து இருக்கும் பாருங்க, ரூபானு போட்டு 'பி'ல ஆரம்பிச்சா பர்மாவுக்கு அடிச்சது, டாலர்னு போட்டு 'எம்'ல ஆரம்பிச்சா மலாயா, கில்டர்ங்குற டச்சு காசு பேர் போட்டு 'எஸ்'ல ஆரம்பிச்சா இன்னிக்கு இந்தோனேசியாவா இருக்குற, அப்ப டச்சுக்காரங்க ஆண்ட நாடு. கணக்கே இல்லாம அடிச்சு தள்ளுனாங்க, சண்டை முடிஞ்சதும் வெள்ளக்காரன் இது செல்லாதுனு சொல்லிட்டான், அதனாலயே பல வீட்ல அப்படியே தங்கிடுச்சு. இன்னிக்கும் ஏராளமா கெடைக்குது, நல்லா இருந்தாலும் ஒரு நோட்டு நூத்துக்கணக்குல தான் போகும். ஒரு விஷயம் மட்டும் பாருங்க, மலாயா டாலர் நோட்டு ஏதாச்சும் கலந்திருந்து அதுல எழுத்தோட சீரியல் நம்பரும் இருந்தா அது முதல்ல வந்த பிரிண்ட், அதுக்கு கிராக்கி ஜாஸ்தி.

அடுத்து பர்மிய எழுத்து நோட்டு. அந்த படம் பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சானா இருக்கும். 1952ல ரூபாய மாத்தி கியாட்னு புது காசு கொண்டு வந்தாங்க. 1964 மே மாசம் ஒரே அறிவிப்புல 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. கடை, கம்பெனி எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்ட அதே சமயம் தான், நம்ம ஜனங்க கையில இருந்தத விட்டுட்டு கப்பல் ஏறுனாங்க. உங்க பாட்டி இத ஏன் பத்திரமா வச்சிருந்தாங்கனு புரியுதா? அது அவங்க வருஷக்கணக்கா ஒழச்ச காசா இருக்கும்மா. விலைனு பாத்தா பெருசா இல்ல, எந்த பேங்குலயும் மாத்த முடியாது, அதனால ஒண்ணு ரெண்டாவது வீட்டுக்குனு எடுத்து வைங்கனு தான் நான் சொல்லுவேன்.

இப்ப அந்த ரெண்டு ஜார்ஜ் நோட்டு, இதுல தான் கவனம். 1937ல பர்மா இந்தியாவுல இருந்து பிரிஞ்சப்புறமும் 1947 வரைக்கும் அங்க காசு விஷயத்த பாத்துக்கிட்டது நம்ம ரிசர்வ் பேங்க் தான். அதனால இந்திய நோட்டு மேலயே பர்மால மட்டும் செல்லும்னு தனியா ஒரு வரி அச்சடிச்சு விட்டாங்க, 1937ல அஞ்சாம் ஜார்ஜ் நோட்டுல, 1945ல ஆறாம் ஜார்ஜ் நோட்டுல பர்மா ராணுவ நிர்வாகம்னு சேர்த்து, 1947ல பர்மா கரன்சி போர்டு பேர்ல. லென்ஸ் வச்சு பாருங்க, அந்த வரி இருந்தா அந்த ஒரு நோட்டே மத்த எல்லாத்தையும் விட மேல போகலாம். ஆனா சாதா ஜார்ஜ் நோட்டு மேல புதுசா முத்திரை குத்தி ஏமாத்துறதும் உண்டு, பழைய மடிப்பு, அழுக்கு மேல மை ஏறி நின்னா சந்தேகப்படணும். இன்னும் பழசா அரசாங்க நூறு ரூபா நோட்டு ஏதாச்சும் இருந்து அதுல ரங்கூன்னு ஊர் பேர் அடிச்சிருந்தா யாருகிட்டயும் கை மாத்தாதீங்க, நேரா நல்லா தெரிஞ்ச ஆளுகிட்ட போங்க.

எவ்ளோ பழசுங்குறத விட எவ்ளோ சுத்தமா இருக்குங்குறது தான் விலைய முடிவு பண்ணும். மடிப்பே இல்லாதத யூஎன்சிம்பாங்க, நாலா மடிச்சு ஓரம் கிழிஞ்சதுக்கும் அதுக்கும் பல மடங்கு வித்தியாசம். அதனால தயவு செஞ்சு அயர்ன் பண்ணாதீங்க, கழுவாதீங்க, செலோ டேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் பண்ணா நோட்டு சேகரிக்கிற கலெக்டர் தொடவே மாட்டாரு. சாதா பிளாஸ்டிக் கவர் நாள்பட ஒட்டிக்கும், நோட்டு வைக்கிறதுக்குனே வர்ற பாலியஸ்டர் கவர் வாங்குங்க. உலக நாட்டு நோட்டு, காசெல்லாம் பட்டியல் போட்டிருக்குற நியூமிஸ்டாங்குற சைட்ல நாடு, வருஷம் போட்டு படத்தோட ஒப்பிட்டு பாக்கலாம். ஆன்லைன்ல பொருள் விக்கிற ஈபே சைட்ல போனா கேக்குற விலைய பாக்காதீங்க, வித்து முடிஞ்ச விலைனு தனியா காட்டும், அத பாருங்க. அப்புறம் மூணு பேர்கிட்டயாவது நோட்டு நோட்டா தனித்தனியா விலை கேளுங்க.

கேள்வி: தண்டையார்பேட்டைல இருந்து எழுதுறேன். என்கிட்ட ஜிம்பாப்வே நூறு டிரில்லியன் டாலர் நோட்டு இருக்கு, ஆன்லைன்ல ஒருத்தர் 12 லட்சத்துக்கு எடுத்துக்குறேன்னு ரிசர்வ் பேங்க் லெட்டர் ஒண்ணு வாட்ஸப்ல அனுப்பி ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 1500 கட்ட சொல்றாரு.

பதில்: கட்டாதீங்க தம்பி, ஒரு ரூபா கூட. பழைய நோட்டு வாங்குறவன் தான் உங்களுக்கு பணம் தரணும், நீங்க அவனுக்கு தர வேண்டிய சூழ்நிலையே வராது. 1500 கட்டுனா அடுத்து ஜிஎஸ்டினு கேப்பான், அப்புறம் கமிஷன், அது நிக்கவே நிக்காது. இந்த மாதிரி விஷயத்துல எங்களுக்கு சம்பந்தமே இல்ல, யாரையும் கமிஷன் வாங்க சொல்லலனு ரிசர்வ் பேங்க்கே 2021 ஆகஸ்ட்ல அறிவிச்சிருக்கு. ஏற்கனவே பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, லேட் ஆக ஆக பணத்த நிறுத்துறது கஷ்டம். நோட்ட பத்தி சொல்லணும்னா 2008னு வருஷம் போட்ட நெசமான பேப்பர் நோட்டுக்கு கலெக்டர் கிட்ட விலை உண்டு, ஆனா அது லட்சக்கணக்கு கெடையாது. தங்க கலர்ல மினுமினுனு இருந்தா அது சும்மா பரிசுப் பொருள் தான்.

கேள்வி: அப்பா 1990 சண்டை டைம்ல குவைத்துல இருந்து காசிமேடு வந்தப்ப கொண்டு வந்த பத்து தினார் நோட்டு நாலு இருக்கு, இப்ப மாத்தலாமா?

பதில்: மாத்த முடியாதுங்க. ஈராக் உள்ள புகுந்து அங்க சென்ட்ரல் பேங்க்ல இருந்த நோட்டையே அள்ளிட்டு போனதால, சண்டை முடிஞ்சதும் குவைத் அரசாங்கம் புது நோட்டு அடிச்சு பழைய வரிசைய செல்லாததாக்கிடுச்சு. கொள்ளை போன சீரியல் நோட்டு மார்க்கெட்ல நிறைய சுத்துது, அதனால விலை கம்மி, அதுல சேராத சீரியலா இருந்தா கொஞ்சம் கூட கெடைக்கும். இன்னிய தினார் ரேட்ட கணக்கு போட்டு யாராச்சும் உங்ககிட்ட இதே மாதிரி பழைய நோட்டு விக்க வந்தா வாங்கிடாதீங்க.