பல்லுக்கு 3டி ஸ்கேன்: கேட்டவர்களுக்குப் பதில்

கீழக்கரை: வாப்பாவுக்குக் கீழ்க் கடைவாயில் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைக்கணும். ஓபிஜி (முழுத் தாடை எக்ஸ்ரே) இருக்கு. சிபிசிடியும் (3டி ஸ்கேன்) வேணுமா?

வேணும். ஓபிஜியில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. உயரமும் ஏறத்தாழ 20–30 சதவீதம் பெரிதாக விழும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. இம்ப்ளான்ட் நுனிக்கும் தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாய்க்கும் இடையே 2 மி.மீ. விட வேண்டும். 3டி ஸ்கேனின் குறுக்குவெட்டில் நரம்புக் குழாய்க்கு மேலே எலும்பின் உயரம் 12 மி.மீ. இருந்தால் 10 மி.மீ. இம்ப்ளான்ட்தான் உச்சம். மேல் விளிம்பு மெலிந்திருந்து சீவ வேண்டியிருந்தால் அதையும் கழியுங்கள். நாக்குப் பக்கம் எலும்பு உள்வாங்கியிருக்கும். ஓபிஜி அதைக் காட்டாது. ட்ரில் அந்தப் பக்கம் வெளியேறி ரத்தக்குழாய் கிழிந்தால் வாயின் அடிப்பகுதி வீங்கி மூச்சே அடைக்கும். தாடையின் ஒரு பக்கம் மட்டும் ஸ்கேன் எடுத்தால் போதும். டைகாம் கோப்பு (ஸ்கேனின் அசல் டிஜிட்டல் கோப்பு) உள்ள சிடியைக் கேட்டு வாங்குங்கள், தாளில் அச்சடித்த படத்தை நம்பி அளக்காதீர்கள்.

மண்டபம்: ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொத்தை. 3டி எடுக்கலாமா?

வேண்டாம். சின்ன எக்ஸ்ரே போதும்.

பாம்பன்: வேர் சிகிச்சை செஞ்சு கேப் போட்ட பல். வேரில் விரிசல்னு ஸ்கேனில் வந்திருக்கு. பிடுங்கிடலாமா?

அவசரப்படாதீர்கள். வேருக்குள் அடைத்த பொருளும் உலோக போஸ்ட்டும் (பல்லைத் தாங்க வேருக்குள் வைக்கும் கம்பி) கதிரை விழுங்குவதால் பக்கத்தில் கறுப்புக் கோடுகள் விழும். அவை விரிசல் போலவே இருக்கும்.

ராமேஸ்வரம்: ரிப்போர்ட்டில் எழுதியிருக்கே, அப்ப அது பொய்யா?

பொய் என்று சொல்லவில்லை. கோடு மட்டும் சாட்சியாகாது என்கிறேன். உண்மையான விரிசலென்றால் அந்த வேரை ஒட்டியே எலும்பு கரைந்திருக்கும். அடுத்தடுத்த வெட்டுகளில் தொடர்ந்து தெரியும். ஈறில் புரோபை (ஆழம் அளக்கும் மெல்லிய கம்பி) விட்டால் ஒரே இடத்தில் மட்டும் குறுகலாக, ஆழமாக இறங்கும். எலும்புக் கரைவும் புரோப் இறங்குவதும் இல்லாமல் பல்லைப் பிடுங்குவது அநியாயம். சந்தேகம் தீராவிட்டால் ஈறைத் திறந்து நேரில் பார்க்கலாம்.

தொண்டி: அம்மாவுக்கு இம்ப்ளான்ட், ஓபிஜி போதாதா?

கீழக்கரைக்குச் சொன்னதைப் படியுங்கள். சிடி வாங்க மறக்காதீர்கள்.

தேவிபட்டினம்: கன்னத்தில் வெள்ளைத் திட்டு, புகையிலைப் பழக்கம் உண்டு. ஸ்கேனில் தெரியுமா?

தெரியாது. சிபிசிடி எலும்புக்கும் பல்லுக்கும்தான். இந்த வாரமே பல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். இரண்டு வாரத்தில் மறையாவிட்டால் பயாப்சி எடுக்கணும்.

ஏர்வாடி: ஸ்கேனுக்கு எப்படிப் போகணும்?

தோடு, மூக்குத்தி, கழற்றும் பல்செட் எல்லாம் எடுத்துவிடுங்கள். கருவி சுற்றும் 10–20 விநாடி எச்சில்கூட விழுங்காதீர்கள். அசைந்தால் விளிம்பு இரட்டையாக விழும், மறுபடி எடுக்க நேரும்.